ரத்த அழுத்தமும் தண்டல் தவணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர மக்களிடையே ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் பெருகி வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயில் பொரித்ததைத் தவிர்க்க வேண்டும், நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று அதில் மருத்துவர்கள் கூறியிருக்கும் அறிவுரைகள் எதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. வடசென்னையில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருந்துச் சீட்டை நீட்டியவர்களிடம் இதே அறிவுரைகளை ஆண்டுக்கணக்கில் நானும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் மருந்து வழங்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் விடியும் முன்பே எழுந்து, குடம் சுமந்து, பேருந்துக்கு ஓடி, நாலு வீட்டுப் படியேறி வேலை பார்ப்பவர்கள். உடலுழைப்புக்குக் குறைவே இல்லாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 35 வயதிலேயே அழுத்தம் ஏறுவது ஏன் என்ற கேள்விக்குக் கட்டுரையில் விடை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பவே இந்தக் கடிதம்.

நோயின் பரப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், அதாவது 35.5 சதவீதத்தினருக்கு, உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. இந்த எண்களைப் பேசும்போதெல்லாம் உணவும் உடற்பயிற்சியும் பரம்பரையும்தான் பேச்சில் வருகின்றன. ஓயாத அச்சமும் கடனும் தூக்கமின்மையும், வெள்ளத்திலோ வீட்டு இடிப்பிலோ எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்த அதிர்ச்சியும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. வந்தாலும் ‘மனநலம்’ என்ற தனிப் பெட்டியில் வைத்து மூடப்பட்டுவிடுகின்றன. அவை மனத்தோடு நின்றுவிடுவதில்லை, ரத்தக் குழாயிலும் கணையத்திலும் போய்ச் சேருகின்றன என்பதுதான் நான் சொல்ல வருவது. அதனால் கடன் வசூலையும், குடியிருப்பு மாற்றத்தையும், தண்ணீர் வரும் நேரத்தையும் தீர்மானிக்கும் துறைகளுக்கும் இந்த நோய்களில் பங்கு உண்டு.

இது எப்படி நிகழ்கிறது என்பதை மருத்துவம் விளக்கிவிட்டது. தெருநாய் துரத்தினால் நம் உடல் என்ன செய்கிறதோ அதுவேதான் இங்கும். ஆபத்து என்று மூளை உணர்ந்த மறுகணமே அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் கூட்டுகிறது. அடுத்து கார்ட்டிசால் சுரந்து, ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கி, ஓடுவதற்கான எரிபொருளைத் தருகிறது. நாய் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் தவணை கட்டவேண்டிய வீட்டில், மழை பிடித்தாலே கட்டிலுக்கு மேல் சாமான்களை ஏற்றவேண்டிய வீட்டில், குடித்துவிட்டு வரும் கணவனின் காலடி ஓசைக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் வீட்டில் அது அடங்குவதே இல்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிக்கும்போது அழுத்தம் உயர்ந்த நிலையிலேயே தங்கிவிடுகிறது; இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை; வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருகிறது; தூக்கம் கெடுகிறது; தொற்றுகளை எதிர்க்கும் வலு குறைகிறது. இப்படி உடலில் சேர்ந்துகொண்டே போகும் தேய்மானத்துக்கு 1993-இல் புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க அறிவியலர் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு பெயர் வைத்து, அதை அளக்கவும் வழி திறந்தார். 2004-இல் 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றை விளக்கக்கூடிய ஒன்பது காரணிகளை அடையாளம் கண்டது. புகையும் சர்க்கரையும் கொழுப்பும் இடம்பெற்ற அந்த ஒன்பதில் மன அழுத்தம் சார்ந்த காரணிகளும் ஒன்று.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். அரசு அலுவலர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், உச்சப் பதவியில் இருந்தவர்களைவிடக் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் சுமார் மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. நிரந்தர வேலையும் மாதச் சம்பளமும் இலவச மருத்துவமும் உள்ளவர்களிடையிலேயே இந்த வேறுபாடு என்றால், அவற்றில் ஒன்றுமே இல்லாத புளியந்தோப்புச் சுமைதூக்கும் தொழிலாளிக்கு எப்படியிருக்கும்?

நான் பணியில் இருந்தபோது மாதந்தோறும் மாத்திரை வாங்க வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மூன்று வீடுகளில் சமையல் வேலை. நாற்பதைத் தாண்டாத வயது. அழுத்தம் 170-க்குக் கீழே இறங்கவே இல்லை. “மாத்திரைய ஒழுங்காத்தான் சார் போடுறேன். திங்கக்கிழம ஒரு குழு, புதன்கிழம ஒரு குழு, சாயந்தரமானா தண்டல். கதவ யாராச்சும் தட்டினாலே நெஞ்சு அடிச்சுக்குது” என்றார். இதை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை. மருத்துவரின் அறைக்கு வெளியே வராண்டா கொள்ளாத வரிசை நின்றபோது சொல்லவும் முடியாது. அளவு குறையாததைக் கண்ட மருத்துவர், முறைப்படி, 5 மில்லிகிராம் அம்லோடிபின் மாத்திரையை 10 ஆக்கினார். சில வாரங்களில் அந்தப் பெண்மணியின் கணுக்கால்கள் வீங்கின. அந்த மருந்துக்கு இது நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடும்போது வீக்கமும் கூடும். அடுப்படியில் மணிக்கணக்காக நின்று பிழைப்பவர் வீங்கிய காலோடு என்ன செய்வார்? மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். எங்கள் பதிவேட்டில் அவர் ‘சிகிச்சையைத் தொடராதவர்’ ஆனார். தவணைக்கிழமைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

தண்டலைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி. 10,000 ரூபாய் கடன் என்பார்கள். முன்னதாகவே வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் 8,500 அல்லது 9,000 தருவார்கள். நாளைக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்க வீட்டு வாசலுக்கே வருவார்கள். வேலை இல்லாத நாளும் தண்டலுக்கு நாள்தான். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக் கடனில் வட்டி குறைவு. ஆனால் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்பதால், அங்கே கடனைக் கேட்டு நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரியாகவே ஆகிவிடுகிறார். அவசரத்துக்குக் கை கொடுத்த அக்காவின் முகத்தில் மறுவாரம் விழிக்க முடியாமல் போவது எந்த வட்டிக்கணக்கிலும் வராத செலவு. 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. மிரட்டியும் அவமானப்படுத்தியும் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் புதிய சட்டமுன்வடிவையும் நிறைவேற்றியது. வரவேற்க வேண்டியவைதான். ஆயினும் தண்டல்காரர் மேல் புகார் கொடுத்தால் அடுத்த அவசரத்துக்கு யாரிடம் போவது என்ற கேள்விக்குக் காவல் நிலையத்தில் பதில் இல்லை. வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க் கடனை அன்றைக்கே தரும் நிலை வரும்வரை தண்டல் நிற்காது.

பணக்கவலை மனிதரை அலட்சியக்காரராகக் காட்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் உண்டு. நம் கரும்பு விவசாயிகள் 464 பேரை, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத காலத்திலும் அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்திலும் சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அதே மனிதர்கள், காசில்லாத காலத்தில் சிந்தனைத் தேர்வுகளில் தெளிவாகப் பின்தங்கினார்கள். பணம் வந்த பிறகு தேறினார்கள். இதை வைத்துப் பார்த்தால், ‘மாத்திரையை மறந்துவிட்டேன்’ என்று சொல்பவரைக் கடிந்துகொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. எங்கள் ஜன்னலில் அந்தக் கடிதல் நாள்தோறும் நடந்தது. இன்றும் பல இடங்களில் நடக்கிறது.

அடுத்தது தூக்கம். இது வியப்பூட்டும் அளவுக்குப் பேசப்படாத விஷயம். சென்னையின் குறைந்த வருவாய்த் தொழிலாளர்கள் 452 பேரின் கையில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டி நடத்திய ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. அவர்கள் இரவில் படுக்கையில் கிடந்தது சராசரியாக 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். அவர்களின் தூக்கத்தின் தரம் தூக்கநோய் உள்ளவர்களின் தூக்கத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், ஒரே மின்விசிறி, அதுவும் மின்தடை இல்லாத போது, கால்வாய்க் கொசு, வெக்கை, பின்னிரவில் பம்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க எழவேண்டிய தாய். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரிக்காக இரவு முழுவதும் குடத்தோடு விழித்திருந்த தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வீட்டில் அதே சூழலில் தூக்கத்தை அரை மணி நேரம்போல நீட்டியதால் கண்டறியத்தக்க பலன் எதுவும் இல்லை. ஆனால் வேலையிடத்தில் பிற்பகலில் சிறிது நேரம் அமைதியாகத் தூங்க இடம் கொடுத்தபோது வேலையும் மனநிலையும் சிந்தனையும் முன்னேறின. படுக்கும் நேரத்தைக் கூட்டுவதில் இல்லை பயன். தொந்தரவில்லாத இடத்தில்தான் இருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். துணிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால், பிற்பகல் தூக்கத்தைப் பற்றிப் பேச நமக்கு இன்னும் எத்தனை காலம் ஆகுமோ தெரியவில்லை.

குடியிருப்பு மாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் இருந்தவர்களை நகரின் தென்கோடிக்குக் கொண்டுபோவது கண்ணகி நகரில் தொடங்கி, செம்மஞ்சேரியில் தொடர்ந்து, பெரும்பாக்கம்வரை வந்திருக்கிறது. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. சிமெண்டுக் கூரையும் தனிக் கழிப்பறையும் கிடைத்தன என்பதை மறுக்கக் கூடாது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் கரையிலேயே அவர்களை விட்டுவைப்பதும் கருணை ஆகாது. ஆனால் ஒரு குடும்பத்தை 20, 25 கிலோமீட்டர் தள்ளி நடும்போது அறுபடுபவை என்னென்ன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு வேலை போகிறது, அல்லது நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் பேருந்தில் போகிறது. பள்ளி ஆண்டின் நடுவில் மாற்றினால் பிள்ளை பள்ளிக்கும் பழைய நண்பர்களுக்கும் ஒருசேர அந்நியமாகிறான். காய்ச்சலென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி வீடு ஒதுக்கும் குலுக்கலில் வேறு பிளாக்குக்குப் போய்விடுகிறார். லிஃப்ட் ஓடாத நாளில், மூட்டுவலிக்காரக் கிழவர் மேல்மாடியிலிருந்து மாத்திரை வாங்க இறங்குவதில்லை. முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசிக்கிறார்கள் என்று இளைஞர்கள் சொல்வது தனிக் கதை. நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்புகள் பழைய சுகாதார நிலையத்திலேயே கிடக்கின்றன. எனக்குத் தெரிந்து காசநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்த ஒருவர், இடம் மாறிய குழப்பத்தில் மருந்தை இடையில் விட்டுவிட்டு, நோய் முற்றிய நிலையில் எங்களிடமே திரும்பி வந்தார். பாதியில் விடக்கூடாத மருந்து எது என்று கேட்டால் எந்த மருந்தாளுநரும் முதலில் சொல்வது காசநோய் மருந்தைத்தான்.

பேரிடர் போன பிறகும் அதன் அச்சம் போவதில்லை. 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் ஆகியவற்றைக் கடந்து வந்த குடும்பங்களில் மழை இரவுகளில் குழந்தைகள் தூங்க மறுப்பதும், பெரியவர்கள் ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் பத்திரங்களும் உள்ள பையைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதும் இன்றும் உண்டு. நிவாரணத் தொகையும் அரிசியும் ஒரு முறை வந்து நின்றுவிடுகின்றன.

ஆண்களின் குடியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கடிதம் நேர்மையாக இராது. பாரம் இழுக்கும் உடம்பின் வலிக்கு மலிவாகக் கிடைக்கும் மருந்து மதுக்கடையில் இருக்கிறது. குடித்தால்தான் தூக்கம் வருகிறது என்று அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் 229 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், பகலில் குடிக்காமல் வருவதற்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்தபோது அவர்களின் சேமிப்பு சுமார் 50 சதவீதம் உயர்ந்தது. திருத்த முடியாதவர்கள் என்று ஒதுக்குவதற்கு இதில் இடமில்லை. ஆனால் அந்தக் குடியின் அடியைத் தாங்குபவர்கள் வேறு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். இது நாட்டின் சராசரியைவிட அதிகம். அதைப் பார்த்தே வளரும் குழந்தையின் உடலும் தப்புவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வில், வீட்டு வன்முறை, குடிகாரப் பெற்றோர், அடி, அவமதிப்பு போன்ற சிறுவயதுத் துன்பங்களில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட இதயநோயும் நுரையீரல் நோயும்கூடக் கூடின. அவர்கள் மருத்துவக் காப்பீடு பெற்றிருந்த, பெரும்பாலும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் மாநிலம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் கூறவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு, மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை ஆகியவற்றை அரசியல் மேடைகளில் நலத்திட்டம் என்றும் இலவசம் என்றும் விவாதிக்கிறார்கள். என் பார்வையில் அவை ரத்த அழுத்தத்துக்கான மருந்தும்கூட. காலையில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற ஒரு கவலை குறைந்தால் தாயின் உடலில் அதற்கான கணக்கு இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோகிறது. 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அதே தெருவில் வசிப்பவர்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள். இந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பதால்தான் கீழ்க்கண்டவற்றைக் கேட்கத் துணிகிறேன்.

முதலாவது, அந்தத் தன்னார்வலர்களுக்கு அழுத்தம் பார்க்கவும் சர்க்கரை பார்க்கவும் தந்த பயிற்சியோடு, தூக்கம் எப்படி இருக்கிறது, வீட்டில் பயமோ கவலையோ உண்டா என்று கேட்கவும், கேட்டதைப் பிறரிடம் சொல்லாமல் காக்கவும், எளிய ஆலோசனை தரவும் பயிற்சி தர வேண்டும். மனநல மருத்துவர்கள் போதாத நாட்டில் இது முடியுமா என்பவர்களுக்குக் கோவா விடை. அங்கே மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களைச் சில வாரங்கள் பழக்கி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தியதில், கடும் மனச்சோர்வு கண்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். 2017-இல் அந்த முடிவு ‘லான்செட்’ இதழில் வந்தது. தேசிய மனநல ஆய்வின்படி நம் நாட்டில் மனநோய் உள்ளவர்களில் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்வரை சிகிச்சை பெறாதவர்கள் என்பதால், மருத்துவர்கள் வரட்டும் என்று காத்திருப்பது காத்திருப்பாகவே முடியும். கூடவே, வழங்கும் ஒவ்வொரு மாத்திரை உறையிலும் 14416 என்ற இலவச மனநல ஆலோசனை எண்ணை அச்சிடலாம். பெரிய செலவில்லை.

இரண்டாவது, சுகாதார நிலையங்களில் கதவடைத்துப் பேச ஓர் அறை வேண்டும். அடிபட்ட பெண் வரிசைக்கு நடுவே நின்று, காயம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் படியில் வழுக்கியதாகத்தான் சொல்வார்.

மூன்றாவது, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் மாநகராட்சியும், தவிர்க்கவே முடியாத இடமாற்றங்களை ஏப்ரல்–மே மாதங்களில் மட்டும் செய்ய வேண்டும். மழைக்காலத்திலும் பள்ளி நாட்களிலும் கூடாது. ஒரு தெருவில் இருந்தவர்களைக் குலுக்கலில் சிதறடிக்காமல் ஒரே பிளாக்கில் குடியமர்த்த வேண்டும். போகும் ஒவ்வொரு நோயாளியின் மருத்துவக் குறிப்பும், குறிப்பாகக் காசநோய், சர்க்கரை நோய், மனநோய், பேறுகாலம் ஆகியவை பற்றிய குறிப்புகள், குடும்பத்துக்கு முன்பே புதிய சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கு அங்கே ஒரு மருந்தாளுநர் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டால் என் தொழிலுக்காகப் பரிந்து பேசுவதாகத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும்.

இவற்றில் மூன்றாவதற்கு, அந்த ஒரு மருந்தாளுநரைத் தவிர, புதிய நிதியோ புதிய சட்டமோ பெரிதாகத் தேவைப்படாது. இரு துறைகளின் அலுவலர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்தால் போதும். அடுத்த இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல, தங்கள் நாளிதழ் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் செய்தியாளர்களை அனுப்பி, அங்குள்ள சுகாதார நிலையங்களில் இடம் பெயர்ந்த நோயாளிகளின் மருந்து எங்கே அறுபட்டது என்று விசாரித்து வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
வியாசர்பாடி, சென்னை.